போர் விளையாட்டுகளும் யதார்த்தமும்

யதார்த்தம் என்ற சொல் நமது இலக்கிய விமரிசனத்திலே பல காலமாக வாதப் பிரதிவாதங்களுக்கு உட்பட்டு வந்துள்ளது. நாவல், சிறுகதை, நாடகம், திரைப்படம் ஆகிய யாவும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கப்பட்டன. ஆயின் விளையாட்டை அவ்வாறு உரைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு, அதற்கு விமரிசனம் எதற்கு என்று கேட்போர் உளர். ஓய்வு நேரத்தில் மனிதர் எதை விரும்பி நாடுகின்றனர், அது அவர்கள் சிந்தையில் எவற்றைப் பதிக்கின்றது என ஆராய்வது முற்போக்கு விமரிசகனின் கடமைகளுள் ஒன்று என்பதை ஏற்போர், இப்பொருளை வீண்பொருள் எனத் தள்ளார்.

கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் அமெரிக்காவிலே தோன்றி, இன்று உலகின் பல நகரங்களிலும் இளைஞரிடையே பரவியுள்ள ஒருவகை விளையாட்டு உண்டு. நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தமதாக ஏற்பர். பெரும்பாலும் ஒருவர் மத்தியஸ்தராக இருந்து சூழலை விவரிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் அச்சூழலில் என்ன சொல்லும், என்ன செய்யும் என்பதை வாய்மொழியாகக் கூறுவர். ஒரு செயல் நிறைவேறுமா என்ற ஐயம் எழும்போது பகடை உருட்டப்படும். விழுந்த எண்ணின் பொருள் யாதென விதிநூல் கூறும். மேடையில்லை, ஒப்பனையில்லை, நடிப்போரைத் தவிர வேறு பார்வையாளரும் இல்லை. இதனைப் பாத்திர விளையாட்டு என்று இக்கட்டுரையிலே குறிப்போம்.

இவ்விளையாட்டுகளுட் பெரும்பாலானவை பூதங்களும் மந்திரவாதிகளும் நிறைந்த மாயாலோகங்களையே களமாகக் கொண்டவை. எனினும் மெய்யாக நிகழ்ந்த யுத்தங்களைக் களமாகக் கொண்டு, மெய்யான படைகளின் வீரராக ஆடுவோரை நிறுத்தும் கிளையொன்றும் அவற்றுள் உண்டு. இக்கிளையைச் சேர்ந்த நூல்கள் தம்மிடம் யதார்த்தம் உண்டென்று உரிமை பாராட்டுவது வழக்கம். அந்த உரிமையையே நாம் இங்கு பரிசீலிக்க முற்படுகின்றோம். நாவலாசிரியனின் உலகநோக்கு அவனது கதைப்பின்னலில் வெளிப்படுவது போல, விளையாட்டை ஆக்கியோனின் உலகநோக்கு அவன் வகுத்த விதிகளில் வெளிப்படுகின்றது. எதற்கு எண் கொடுக்கப்பட்டுள்ளது, எது கணக்கில் எடுக்கப்படவே இல்லை என்று பார்த்தால், அது யாருடைய யுத்தம் என்பது தெளிவாகிவிடும்.

இவ்விளையாட்டின் பூர்வீகத்தை ஆராய்ந்தால் அது சதுரங்கத்திற் போய் நிற்கும். நால்வகைப் படையின் பெயரே அவ்விளையாட்டின் பெயராயிற்று. இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக மேற்கே சென்ற சதுரங்கத்தை, 1780ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களாக விரித்தார். மலையும் ஆறும் சதுப்பும் பீரங்கியும் பலகைக்கு வந்தன. 1812இல் வான் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அரசாங்க உத்தியோகத்தர், நிலத்தோற்றத்தை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய மேசையொன்றைச் செய்து பிரஷ்ய மன்னன் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு அளித்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவர் மகன் 1824இல் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். கட்டங்கள் மறைந்தன, 1:8000 என்ற அளவுத்திட்டத்தில் வரைந்த நிலப்படம் அவற்றின் இடத்தைப் பெற்றது. ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிடப் போரைக் குறித்தது. இழப்பு எவ்வளவு என்பதைப் பகடை தீர்மானித்தது. இரு தரப்பாரும் தத்தம் கட்டளைகளை மத்தியஸ்தருக்குத் தெரிவிப்பர். எதிரியின் கண்ணுக்குப் புலப்படத்தக்க படையை மாத்திரமே அவர் படத்தின்மேல் வைப்பார். பிரஷ்ய இராணுவத் தலைமை இவ்வாட்டத்தை அதிகாரிகளின் பயிற்சிக்கு உகந்ததென ஏற்றுக்கொண்டது. 1870-71ஆம் ஆண்டுகளில் பிரான்சைப் பிரஷ்யா வென்றபின், ஏனைய வல்லரசுகளின் இராணுவங்களும் இதனைக் கற்கத் தலைப்பட்டன.

இங்கே யதார்த்தம் உண்டா எனின், உண்டு. காலம், தூரம், நிலத்தின் தன்மை, எதிரியைப் பற்றிய அறியாமை ஆகிய யாவும் இவ்வாட்டத்திலே மெய்ம்மையோடு அமைந்துள்ளன. ஆனால் அது குன்றின்மேல் நின்று தூரதிருஷ்டிக் கண்ணாடியால் களத்தை நோக்கும் சேனாதிபதியின் யதார்த்தம். படைவீரன் அங்கே ஓர் எண்ணாக நுழைந்து, கழிக்கப்பட்ட எண்ணாக வெளியேறுகின்றான். சதுரங்கத்திலே வெட்டுண்ட காலாளுக்குக் குடும்பம் இல்லாதது போல இவனுக்கும் இல்லை. அதிகாரிகளுக்காக அதிகாரிகளால் ஆக்கப்பட்ட ஆட்டத்தில் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

இவ்வாட்டம் இராணுவக் கல்லூரியை விட்டு நடுத்தர வர்க்கத்தாரின் வீட்டுக்கு வந்த வரலாற்றில் எச். ஜி. வெல்ஸுக்கு ஓர் இடமுண்டு. சோஷலிசக் கருத்துகளை ஏற்றவராகிய வெல்ஸ், பொம்மை வீரரையும் விசைப் பீரங்கியையும் கொண்டு தரையில் ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து, 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக 1913இல் வெளியிட்டார். பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவன் மெய்யான போர் எத்துணை மடைமை என்பதை உணர்வான் என அவர் அந்நூலிலே வாதாடினார். அடுத்த ஆண்டே முதலாம் உலகயுத்தம் மூண்டது. யுத்தத்துக்கு முடிவுகட்டும் யுத்தம் இது எனக் கூறி அதனை ஆதரித்து எழுதியவர்களுள் வெல்ஸும் ஒருவரானார். விளையாட்டிலே சமாதானத்தை விரும்பியவர், ஏகாதிபத்தியங்கள் மோதியபோது தம் அரசின் பக்கம் நின்றார். தனிமனிதரின் நல்லெண்ணம் மாத்திரம் போர் விளையாட்டை முற்போக்கானதாக ஆக்கிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

பாத்திர விளையாட்டு பிறந்தது 1969ஆம் ஆண்டில். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலே நெப்போலியன் காலப் போர்களைப் பொம்மை வீரரைக் கொண்டு ஆடிவந்த குழுவொன்றில் டேவிட் வெஸ்லி என்பவர் இருந்தார். அமெரிக்க இராணுவ அதிகாரியான டொட்டென் 1880இல் எழுதிய 'ஸ்ட்ரற்றெகோஸ்' என்ற பழைய போராட்ட விதிநூலொன்று வெஸ்லியின் கைக்குக் கிட்டியது. ஆடுவோர் எதைச் செய்ய விரும்பினும் அதனை அனுமதித்துத் தீர்ப்புக் கூறும் அதிகாரம் மத்தியஸ்தருக்கு உண்டு என்ற கருத்தை அவர் அதிலிருந்து பெற்றார். பிறவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜேர்மன் நகரத்தை இரு படைகள் நெருங்குவதாக ஆட்டத்தை அமைத்தார். ஆட வந்தோர் எண்ணிக்கை சேனாதிபதிகளின் எண்ணிக்கையை விஞ்சியது. ஆகவே ஒருவரை நகரபிதாவாக்கினார், ஒருவரை வங்கியாளராக்கினார், ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக்கினார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோக்கத்தை வகுத்துக் கொடுத்தார். ஆடுவோர் தமக்குள் பேரம் பேசவும் சூழ்ச்சி செய்யவும் தொடங்கினர். எதிர்பார்த்த யுத்தம் நடைபெறவே இல்லை. ஆட்டம் குழம்பிவிட்டதென வெஸ்லி கருதினார். வந்தவர்களோ மீண்டும் அதே ஆட்டத்தை வேண்டினர்.

பின்னர் லத்தீன் அமெரிக்கக் குட்டிக் குடியரசொன்றைக் களமாகக் கொண்டும் வெஸ்லி ஓர் ஆட்டத்தை நடத்தினார். அதில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் துண்டுப்பிரசுரம் பரப்பும் புரட்சிக்காரனாக நடித்து எல்லோரையும் ஏமாற்றி வென்ற கதையை அக்குழுவினர் பிற்காலத்திலே விரித்துரைத்துள்ளனர். இதே ஆர்னசனும் காரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே அச்சேறிய முதலாவது பாத்திர விளையாட்டாக எண்ணப்படுகின்றது.

இத்தோற்ற வரலாற்றிலே நாம் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. சேனாதிபதியின் மேசைக்கு நகரத்து மக்கள் வந்து சேர்ந்த வேளையிலேதான் பாத்திர விளையாட்டு பிறந்தது. போரென்பது படைகளுக்கிடையே மாத்திரம் நிகழ்வதன்று. பணமும் பதவியும் பல்கலைக்கழகமும் துண்டுப்பிரசுரமும் அதிற் பங்குகொள்கின்றன என்பதை அம்மேசையைச் சுற்றியிருந்தோர் தம்மை அறியாமலே கண்டுகொண்டனர். ஆனால் இவ்வித்து முளைத்துப் பயிராகப் பல்லாண்டுகள் சென்றன.

1980ஆம் ஆண்டுகளில் இராணுவப் பாத்திர விளையாட்டுகள் பல அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 1982இல் வெளியான 'பிஹைண்ட் எனிமி லைன்ஸ்' இரண்டாம் உலகயுத்தத்தில் ஐரோப்பாவிற் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களைப் பாத்திரங்களாக்கியது. அதே ஆண்டில் வெளியான 'ரீகொன்' வியட்நாம் காடுகளில் ரோந்து செல்லும் அமெரிக்க வீரரை முன்னிறுத்தியது. சைகோன் வீழ்ந்து அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. 1984இல் வந்த 'டுவைலைட்: 2000' மூன்றாம் உலகயுத்தம் ஒன்றைக் கற்பனை செய்து, போலந்தின் காலிஷ் நகரருகே சிதறிப்போன அமெரிக்கப் படைப்பிரிவின் எஞ்சிய வீரராக ஆடுவோரை நிறுத்தியது. யுத்தம் கற்பனையாயினும் துப்பாக்கிகளும் கவச வாகனங்களும் மெய்யானவை.

இவ்வகை ஆட்டங்களைப் போற்றுவோர் யதார்த்தம் என்று எதனைக் கருதினர்? எந்தத் துப்பாக்கி எத்தனை மீற்றர் தூரம் சுடும், எந்தக் குண்டு எத்தனை அங்குல உருக்கைத் துளைக்கும், காயம் உடலின் எவ்வுறுப்பில் விழும் என்பனவே அவர்களது பிரதான அக்கறை. ஆயுதத்தின் எடை சரியாக இருத்தல் வேண்டும். அதைச் சுமப்பவன் எந்த வர்க்கத்திலிருந்து வந்தான், விரும்பி வந்தானா, பிடித்து வரப்பட்டானா என்பது பற்றிய கேள்வி எழுவதில்லை. 'டுவைலைட்: 2000' ஒருவகையில் விதிவிலக்கு என்பதையும் கூறல் வேண்டும். உணவு, எரிபொருள், உதிரிப்பாகம் ஆகியவற்றின் தட்டுப்பாடு அதன் ஆட்டத்தில் இடையறாது தலைகாட்டுகின்றது. யுத்தம் என்பது முதலிலே சோற்றுப் பிரச்சினை என்பதை அந்நூலாசிரியர் அறிந்திருந்தனர்.

எங்கெல்ஸ் 1888ஆம் ஆண்டு மார்கிரெட் ஹார்க்னஸ் என்ற நாவலாசிரியைக்கு எழுதிய கடிதம் நம் வாசகர் பலரும் அறிந்ததே. விவரங்கள் மெய்யாக அமைவது யதார்த்தவாதத்துக்குப் போதாது. வகைமாதிரியான மாந்தர் வகைமாதிரியான சூழ்நிலைகளில் இயங்குவதையும் மெய்யுறக் காட்டல் வேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம். அந்நாவலிலே பாட்டாளி மக்கள் செயலற்ற கூட்டமாகத் தோன்றுவதை அவர் குறையெனச் சுட்டினார். 1849ஆம் ஆண்டு ஜேர்மன் புரட்சிப் போரில் ஆயுதமேந்தியவரும், இராணுவ விவகாரங்களை ஆழ்ந்து கற்றமையால் நண்பரிடையே ஜெனரல் என்று அழைக்கப்பட்டவருமான எங்கெல்ஸின் அளவுகோலைப் போர் விளையாட்டுக்கும் பிரயோகித்தல் பொருத்தமே. அவ்வாறு பிரயோகிக்குமிடத்து, ஆயுத அட்டவணைகளின் யதார்த்தம் இயற்பண்புவாதத்தின் எல்லையைத் தாண்டவில்லை என்பது புலப்படும். எடுத்துக்காட்டாக, நெப்போலியனோடு பொருத பிரித்தானியப் படையைக் களமாகக் கொள்வோம். துப்பாக்கியின் நீளத்தையும் சட்டைப் பொத்தானின் நிறத்தையும் பிழையறக் கூறிவிடலாம். ஆனால் அப்படையில் அதிகாரிப் பதவி பணத்துக்கு வாங்கப்பட்டது. அம்முறை 1871 வரை நீடித்தது. சிப்பாயின் முதுகிற் சாட்டையடி 1881 வரை தொடர்ந்தது. இவ்விரண்டும் ஆட்டத்தின் விதிகளிலே இடம்பெறாவிடின் அங்கே பிரித்தானியப் படை இல்லை. அதன் சீருடை மாத்திரமே உண்டு.

இதனிலும் ஆழமான முரண்பாடு ஒன்றுளது. பாத்திர விளையாட்டின் உயிர் ஆடுவோரின் சுதந்திரம். என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்வியே அதன் மூச்சு. இராணுவத்தின் உயிரோ கட்டளை. சாதாரணச் சிப்பாயிடம் என்ன செய்யப்போகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே இராணுவத்தை மெய்யாகக் காட்ட முயலும் விளையாட்டு இம்முரண்பாட்டைச் சந்தித்தே தீரவேண்டும். பெரும்பாலானவை அதனைத் தவிர்த்துச் செல்லும் வழியையே நாடின. பாத்திரங்களைச் சிறப்புப் படையினராகவோ கூலிப்படையினராகவோ ஆக்கிவிட்டால் கட்டளை தளர்கின்றது. 'டுவைலைட்: 2000' படைப்பிரிவையே முதற் பக்கத்தில் அழித்துவிட்டுத் தன் பாத்திரங்களை மேலதிகாரிகளிடமிருந்து விடுவிக்கின்றது. இவ்வழிகளாற் சுவையான சாகசம் கிட்டலாம். ஆனால் கோடிக்கணக்கான சிப்பாய்களின் வாழ்வு அங்கு இல்லை. அதிலிருந்து தப்பிய சிலரின் கதையே உண்டு.

இம்முரண்பாட்டை நேருக்கு நேர் எதிர்கொண்ட இரு ஆக்கங்களை இனி நோக்குவோம். இரண்டும் அமெரிக்கரான ஜேசன் மோர்னிங்ஸ்டாருடையவை.

முதலாவது, 2007இல் வெளிவந்த 'கிரே ராங்க்ஸ்'. சாம்பல் அணிகள் என்பது, நாசி ஆக்கிரமிப்பின்போது போலந்திலே தலைமறைவாக இயங்கிய சாரணர் இயக்கத்தின் பெயர். 1944 ஆகஸ்ட் 1ஆந் திகதி வார்சோ நகரம் ஆக்கிரமிப்பாளருக்கெதிராக எழுந்தது. கிளர்ச்சி 63 நாள்கள் நீடித்து ஒக்டோபர் 2ஆந் திகதி முறியடிக்கப்பட்டது. வோலா என்ற பகுதியிலே மாத்திரம் ஆகஸ்ட் முற்பகுதியின் சில நாள்களுக்குள் பல்லாயிரம் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மொத்தத்திற் பலியான பொதுமக்கள் 1,50,000க்குக் குறையார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. எஞ்சியோர் வெளியேற்றப்பட்டபின் நாசிகள் நகரைத் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கினர்.

இவ்வாட்டத்திலே ஆடுவோர் ஏற்கும் பாத்திரங்கள் பதின்பருவச் சிறுவரும் சிறுமியருமாவர். ஆட்டம் பத்து அத்தியாயங்களாக நிகழ்கின்றது. கிளர்ச்சிக்கு முந்திய நாள்களில் தொடங்கி, அதன் வீழ்ச்சியோடு முடிகின்றது. மத்தியஸ்தர் இல்லை, ஆடுவோரே மாறி மாறிக் காட்சிகளை அமைப்பர். இராணுவப் பணியைக் காட்டும் காட்சிகளோடு சொந்த வாழ்வைக் காட்டும் காட்சிகளும் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒவ்வொரு பாத்திரமும் உயிரினும் மேலாகப் போற்றும் ஒன்றைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளும். குடும்பமாக இருக்கலாம், முதற் காதலாக இருக்கலாம், தெய்வநம்பிக்கையாகவோ தாய்நாடாகவோ இருக்கலாம். பணி தோல்வியுறும் தறுவாயில் அதனைப் பணயம் வைத்து வெற்றி தேட விதிகள் இடமளிக்கின்றன. வைத்தவன் அதனை இழக்கவும் நேரும். பாத்திரத்தின் மனநிலையைக் குறிக்க 25 கட்டங்கள் கொண்ட சதுரமொன்று உண்டு. ஒருபுறம் அன்பும் வெறுப்பும், மறுபுறம் உற்சாகமும் சோர்வும் அச்சதுரத்தின் எல்லைகளாகும். மூலைக்குத் தள்ளப்பட்ட சிறுவன் சித்தம் கலங்குவான், அல்லது சாவைத் தேடிச் செல்வான்.

இங்கே கணக்கிடப்படுவன யாவை என்பதை நோக்குக. துப்பாக்கியின் வீச்சு கணக்கில் இல்லை. பதினைந்து வயதுச் சிறுவனுக்கு எஞ்சியிருப்பது என்ன, அதில் எதை இவ்வாரம் இழப்பான் என்பதே கணக்கு. கிளர்ச்சியின் முடிவை ஆடுவோர் முன்னமே அறிவர், பாத்திரங்கள் அறியா. ஆகவே நகரைக் காப்பாற்றும் சுதந்திரம் எவருக்கும் இல்லை. எதைக் காத்து, எதை விட்டு, எப்படிப்பட்டவராக அழிவது என்ற குறுகிய தெரிவே எஞ்சுகின்றது. வரலாற்றின் நிர்ப்பந்தத்துக்கும் மனிதனின் தெரிவுக்கும் இடையிலுள்ள உறவை விரிவுரையால் விளக்குவது கடினம். இவ்விதிகள் அதனை அனுபவமாக்குகின்றன.

வார்சோவைப் பற்றிப் பேசுமிடத்து இடதுசாரி வாசகன் முகந்திருப்பக்கூடாத உண்மையொன்றும் உண்டு. கிளர்ச்சி நடந்த காலத்திலே செஞ்சேனை விஸ்துலா நதியின் கிழக்குப் பகுதியை அணுகியிருந்தது. நேச நாடுகளின் விமானங்கள் சோவியத் விமானத்தளங்களில் இறங்கி உதவ ஸ்டாலின் அரசு ஆகஸ்டிலே இணங்கவில்லை. செப்டெம்பரில் பெர்லிங்கின் தலைமையில் செஞ்சேனையோடு வந்த போலந்துப் படையினர் நதியைக் கடக்க முயன்று பேரிழப்புக்கு உள்ளாயினர். செஞ்சேனை களைத்திருந்ததா, அரசியற் காரணத்தாற் காத்திருந்ததா என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே விவாதம் உண்டு. கிளர்ச்சியை நடத்திய தலைமையின் அரசியலோ நமக்கு உவப்பானதன்று. ஆயினும் சாக்கடைகளுக்குள் ஊர்ந்து கடிதம் சுமந்த சிறுவர் எவருடைய இராசதந்திரத்துக்கும் பொறுப்பாளிகள் அல்லர். அவர்கள் நிலையில் நின்று அந்நதிக்கரையை நோக்கும்படி ஓர் ஆக்கம் நம்மை வற்புறுத்துமாயின், அதற்கு நாம் கடமைப்பட்டவராவோம்.

இரண்டாவது ஆக்கம் 2015இல் வெளிவந்த 'நைட் விச்சஸ்'. இரவுச் சூனியக்காரிகள் என்பது ஜேர்மன் படையினர் அச்சத்தால் இட்ட பெயர். 1941இலே விமானி மரீனா ரஸ்கோவாவின் முயற்சியாற் சோவியத் யூனியனிற் பெண்களுக்கென மூன்று விமானப் படையணிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் 588ஆவது இரவுக் குண்டுவீச்சுப் படையணியே இவ்வாட்டத்தின் களம். விமானிகள், வழிகாட்டிகள், யந்திர வினைஞர், ஆயுதம் ஏற்றுவோர் யாவரும் பெண்கள். அவர்கள் பயின்ற வொல்காக் கரை நகரின் பெயர் எங்கெல்ஸ். அவர்களுக்குக் கிடைத்ததோ மரத்தாலும் துணியாலும் அமைந்த, பயிற்சிக்கென ஆக்கப்பட்ட போ-2 இரட்டைச் சிறகு விமானம். இலக்கை நெருங்கியதும் இயந்திர வேகத்தைக் குறைத்துக் காற்றில் மிதந்துசென்று குண்டு வீசினர். 1944 வரை பரசூட் இன்றியே பறந்தனர். ஒரே இரவில் எட்டுத் தடவைக்கு மேல் பறந்ததும் உண்டு. யுத்தம் முடியும்வரை அப்படையணி 23,000க்கு மேற்பட்ட தடவை பறந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் சோவியத் யூனியனின் வீராங்கனையர் என்ற உயர்விருதைப் பெற்றனர். முப்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர்.

இவ்வாட்டம் பகல் எனவும் இரவு எனவும் இரண்டாகப் பகுக்கப்பட்டுள்ளது. இரவிலே குண்டுவீச்சு, பகலிலே பழுதுபார்த்தல், பொருள் தேடல், துயிலல், தோழமை, காதல், சச்சரவு. பகலில் ஆற்றிய வேலையின் பயனாகப் புள்ளிகள் சேர்கின்றன. அப்புள்ளிகளே இரவிற் பகடை உருட்டுவோருக்குத் துணையாகின்றன. சிறிய விதிதான். ஆனால் இதனுள் பெரிய உண்மை அடங்கியுள்ளது. வானத்தில் நிகழும் வீரச்செயல் தரையில் நிகழும் உழைப்பின்மேல் நிற்கின்றது. குளிரில் விரல் விறைக்கத் திருகாணி முடுக்கியவளின் வேலையும் யுத்தத்தின் வரலாறே. சேனாதிபதியின் நிலப்படத்தில் இவ்வுழைப்பு தென்படவில்லை; ஆயுத அட்டவணையிலும் தென்படவில்லை. இங்கு அது விதியாகவே அமைந்துவிட்டது.

அதிகார அமைப்பையும் இவ்வாட்டம் மறைக்கவில்லை. பாத்திரங்களுக்கு மேலே அதிகாரிகள் உளர். ஆண்களின் அளவுக்குத் தைத்த சீருடையையும் பாதணியையும் கொடுத்து, பெண்களாற் பறக்க முடியுமா என்று எள்ளிய படையொன்றில் அவர்கள் பணியாற்றுகின்றனர். எதிரியிடம் சிறைப்பட்டோரைத் துரோகிகளாக நோக்க இடமளித்த 1941 ஆகஸ்டின் 270ஆவது கட்டளையும், பின்வாங்கலைக் குற்றமாக்கிய 1942 ஜூலையின் 227ஆவது கட்டளையும் அக்காலத்தின் மெய்ந்நிலை. தாய்நாட்டுக்காகவும் சோஷலிசத்துக்காகவும் உயிர்கொடுக்கத் துணிந்த பெண்கள், அதே வேளையில் தம் அரசின் சந்தேகக் கண்ணுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும்போதுதான் அவர்களது வீரம் தன் முழு உயரத்தைப் பெறுகின்றது. குறைகளை மறைத்துச் செய்த சிலையைவிட இச்சித்திரம் சோவியத் மக்களுக்கு அதிக மரியாதை செய்வதாகும்.

இவ்வாக்கங்களுக்கு வரம்புகள் இல்லாமலில்லை. இரண்டும் பெரும்பாலும் தனிமனித உள்ளத்தின் நெருக்கடியையே மையமாகக் கொண்டவை. யுத்தத்தை மூட்டிய பொருளாதார சக்திகள், கிளர்ச்சிக்குள்ளே இருந்த வர்க்க முரண்பாடுகள் ஆகியவற்றை ஆடுவோர் தாமாகக் கற்றுக் கொண்டுவந்தாலன்றி அவை மேசையில் தலைகாட்டா. ஆங்கிலம் அறிந்த, மாலைப்பொழுதுகளை ஓய்வாகக் கழிக்க வசதி படைத்த சிறு கூட்டத்தாரிடமே இவை புழங்குகின்றன என்பதும் உண்மை. விதி எத்துணை சிறந்ததாயினும் ஆடுவோர் விளையாட்டுப் புத்தியோடு அமர்ந்தால் வார்சோவும் வேடிக்கையாகிவிடும்.

யுத்தத்தை விளையாடுவதே தகாது என்று ஒரு சாரார் கூறுவர். 1983 முதல் 2009 வரை உள்நாட்டு யுத்தத்தைக் கண்ட நமது நாட்டிலே இந்த ஆட்சேபம் வெறும் ஏட்டுவாதமன்று. மகனைப் பறிகொடுத்த தாயின் முன்னே பகடை உருட்டப்படுவதை எவரும் சகியார். ஆனால் இவ்வாட்சேபத்தின் வலிமை முழுவதும் எண்களால் மரணத்தை மறைக்கும் ஆட்டங்களையே சாரும். யுத்தத்தைப் பற்றி நாவல் எழுதலாமா, நாடகம் ஆடலாமா என்றும் இதே கேள்வி எழுப்பப்பட்டதுண்டு. எழுதலாம், ஆடலாம், மாண்டவரை மனிதராகக் காட்டும் கடமையை ஏற்றுக்கொண்டால் என்பதே நாம் அங்கு கூறிய விடை. இங்கும் அதுவே விடை. காயம் ஆறாத நிகழ்ச்சிகளைத் தொடாமல் விடும் நாகரிகமும் அக்கடமையுள் அடங்கும்.

நம் நாட்டவர் பங்குகொண்ட இராணுவ வரலாற்று நிகழ்ச்சியொன்றை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1942 மே 8ஆந் திகதி இரவு, கொக்கோஸ் தீவுகளிற் பிரித்தானிய அதிகாரிகளின் கீழ்ப் பணியாற்றிய இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கிளர்ந்தெழுந்தனர். ஏகாதிபத்திய எதிர்ப்புணர்வு கொண்ட கிரேஷன் பெர்னாண்டோ அவர்களுக்குத் தலைமை தாங்கினார். கிளர்ச்சி அடக்கப்பட்டது, அவ்வாண்டு ஆகஸ்டிலே வெலிக்கடைச் சிறையில் மூவர் தூக்கிலிடப்பட்டனர். கிளர்ந்தோரின் துப்பாக்கிக்குப் பலியானவரும் ஓர் இலங்கைச் சிப்பாயே. சிப்பாய் கட்டளைக்குப் பணிவதும் வரலாறு. பணிய மறுப்பதும் வரலாறு. அவ்விரவில் அம்முகாமில் இருந்த ஒருவன் எப்பக்கம் நின்றிருப்பான்? ஜப்பானிய ஏகாதிபத்தியம் வாயிலில் நிற்கப் பிரித்தானிய ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல் முறையா? உடன் உண்டு உறங்கிய தோழனைச் சுடத் துணிவானா? பீரங்கியின் வீச்சை அளந்து இவற்றுக்கு விடை காண முடியாது. அத்தீவின் நிலைமையை உள்ளவாறு விதிகளாக்கி, ஒவ்வொரு தெரிவுக்கும் உரிய விலையைக் குறித்து ஓர் ஆட்டம் அமைக்கப்படுமாயின், வரலாற்றுப் பாடநூலின் சில வரிகளிற் கிட்டாத விளக்கம் மாணவருக்குக் கிட்டக்கூடும். உயர்வகுப்பு மாணவரைக் கொண்டே அவ்விதிகளை ஆக்குவிப்பதும் ஆசிரியர்கள் மேற்கொள்ளத்தக்க முயற்சியே. எதை எண்ணுவது, எதை விடுவது என்று அவர்கள் தமக்குள் வாதிடத் தொடங்கும்போதே வரலாற்றுக் கல்வியும் தொடங்கிவிடும்.

ஆகவே, யதார்த்தம் என்ற முத்திரையோடு வரும் எந்தப் போர் விளையாட்டை நோக்கியும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதன் விதிகள் எவற்றை எண்ணுகின்றன? கட்டளையிடுபவனுக்கும் கட்டளையை நிறைவேற்றுபவனுக்கும் இடையிலுள்ள உறவை இது காட்டுகின்றதா, மறைக்கின்றதா? ஆயுதமேந்தாத மக்கள் இதில் மனிதராக வருகின்றனரா, வெறும் பின்னணியாக வருகின்றனரா? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடைகூறும் விளையாட்டு, கலைப்படைப்புக்குரிய மதிப்பைப் பெறத் தகுதி உடையது. கூறத் தவறுவது, ஆயுத அட்டவணை எத்துணை நீண்டதாயினும், பிரஷ்ய மன்னனின் மேசையிலிருந்து ஓரடியும் முன்னேறாததே.